ஓட்டை வாதத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி: சான்று, அனுமானம், நடுவில் விட்டுப்போன வாக்கியம்

ஒரு வாதத்தைப் படித்ததும் "இதில் என்னமோ இடிக்கிறதே" என்று தோன்றிவிடும். எங்கே இடிக்கிறது என்று கேட்டால் சொல்ல வராது. அந்த இடத்தில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். முடிவு பிடிக்கவில்லை என்பதால் சான்றே பொய் என்று அடித்துப் பேசுவார்கள், இல்லையென்றால் எங்கோ படித்த ஒரு தருக்கப் பிழையின் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டுமே வாதத்தைத் தொடுவதில்லை.

நான் பார்த்தவரை, ஓட்டை வாதங்களில் பெரும்பாலானவற்றில் சான்று உண்மைதான். எண்கள் சரியாக இருக்கும், நடந்ததாகச் சொல்வது நடந்திருக்கும். கோளாறு இருப்பது சான்றுக்கும் முடிவுக்கும் நடுவில், எழுதியவர் எழுதாமலே தாண்டிப்போன ஒரு வாக்கியத்தில். அந்த வாக்கியத்தைத் தேடிப் பிடித்து எழுத்தில் வைப்பதுதான் வேலை. தேர்வுக்குத் தயாராகிறவருக்கும், மேசைக்கு வரும் பரிந்துரையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவருக்கும், ஃபார்வர்டாக வரும் மருத்துவச் செய்தியை நம்பலாமா என்று யோசிக்கிறவருக்கும் அதேதான்.

பிரித்துப் பார்க்க ஒரு வாதம் வேண்டும். கற்பனையாக நானே ஒன்று செய்து தருகிறேன், வேண்டுமென்றே ஓட்டைகளோடு:

"சென்ற ஆண்டு மத்திய நூலகத்தை மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தோம். அந்த ஆண்டில் இரவல் போன நூல்களின் எண்ணிக்கை 20 சதவீதம் கூடியது. மாலையில் வந்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் 85 சதவீதம் பேர் புதிய நேரம் வசதியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே எல்லாக் கிளை நூலகங்களிலும் நேரத்தை நீட்டித்தால் நகர மக்களின் வாசிப்புப் பழக்கம் பெருகும்."

படித்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம் என்றுகூடத் தோன்றும்.

படி 1: முடிவை அதன் சொந்த வார்த்தைகளில் பிடியுங்கள்

முதலில் முடிவு, அப்புறம்தான் மற்றதெல்லாம். ஆகவே, எனவே, அதனால்தான், இதிலிருந்து தெரிவது என்னவென்றால், இப்படி வரும் இடங்களில் முடிவு இருக்கும் என்பது பாதி உண்மை. பல சமயம் முடிவை முதல் வரியிலேயே போட்டுவிட்டு, காரணங்களைப் பின்னால் அடுக்குவார்கள். சில விளம்பரங்களில் முடிவு எழுதவே படாது, அதை நீங்களே சொல்லிக்கொள்ளும்படி விட்டுவிடுவார்கள்.

முடிவைக் கண்டுபிடித்ததும் அதை மனதில் சுருக்கி வைத்துக்கொள்ளாமல் வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொள்ளுங்கள். "நூலக நேரத்தை நீட்டிப்பது நல்லது" என்று சுருக்கினால் போச்சு, ஓட்டைகள் எல்லாம் உங்கள் சுருக்கத்தில் அடைபட்டுவிடும். அசல் முடிவில் உள்ள சொற்களைப் பாருங்கள்: எல்லாக் கிளைகளிலும், நகர மக்களின், வாசிப்புப் பழக்கம், பெருகும். சான்றில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. அங்கே இருப்பது ஒரே ஒரு நூலகம், அதற்கு வந்தவர்கள், இரவல் எண்ணிக்கை, சென்ற ஆண்டு.

முடிவின் பலத்தையும் அளந்துகொள்ள வேண்டும். "பெருகும்" என்பதும் "பெருக வாய்ப்பிருக்கிறது" என்பதும் ஒன்றல்ல. கட்டாயம், மட்டுமே, எப்போதும், ஒருபோதும் போன்ற சொற்கள் வந்தால் வாதம் சுமக்க வேண்டிய பாரம் பல மடங்கு கூடிவிடுகிறது. சான்று அதைத் தாங்குமா என்பதே பிறகு கேட்கப்போகும் கேள்வி.

படி 2: சான்றைத் தனியாக எடுத்து வையுங்கள்

முடிவை மறந்துவிட்டு ஒவ்வொரு சான்றையும் தனியே பாருங்கள். இதை எண்ணியது யார், எப்படி எண்ணினார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், யாரைக் கேட்டார்கள், யாரை விட்டார்கள்?

யாரைக் கேட்டார்கள் என்பதற்கு 1936-ல் நடந்ததைவிடப் பொருத்தமான கதை கிடையாது. அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை, அதிபர் தேர்தலில் யாருக்கு வாக்கு என்று கேட்டு சுமார் 1 கோடி பேருக்கு அட்டைகள் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. இவ்வளவு பெரிய மாதிரி இன்றைக்கும் அபூர்வம். அதை வைத்து ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று பத்திரிகை அறிவித்தது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அப்போதிருந்த 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் புத்தகங்களிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்தால் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி, அட்டையை நிரப்பித் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் அனுப்பாதவர்களிலிருந்து வேறுபட்டவர்கள் என்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால் மட்டும். பானையின் ஓர் ஓரத்திலிருந்தே 20 லட்சம் பருக்கைகளை எடுத்துப் பார்த்தாலும் மறு ஓரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நம் நூலகக் கருத்துக்கணிப்பும் அப்படித்தான். மாலையில் வந்தவர்களிடம் மாலை நேரம் வசதியா என்று கேட்டால் வசதி என்றுதான் சொல்வார்கள். வசதிப்படாதவர் அங்கே இருந்திருக்கவே மாட்டாரே! எனக்கு ஆச்சரியம், மீதி 15 சதவீதம் பேர் ஏன் வந்தார்கள் என்பதுதான்.

அடுத்தது சதவீதம். எதில் சதவீதம் என்று கேட்காமல் ஒரு சதவீதத்தையும் உள்ளே விடாதீர்கள். 1995-ல் பிரிட்டனில் ஒருவகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்த உறைவு அபாயத்தை இரட்டிப்பாக்குவதாக எச்சரிக்கை வந்தது. இரட்டிப்பு, அதாவது 100 சதவீத உயர்வு. பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் கூடின. அந்த இரட்டிப்பு என்பது சுமார் 7,000 பேரில் ஒருவர் என்பது 7,000 பேரில் இருவர் ஆனது. இரண்டு வாக்கியமும் உண்மை. எதைக் கேட்டோம் என்பதைப் பொறுத்து நாம் எடுக்கும் முடிவு தலைகீழாகிறது.

நூலகத்தின் 20 சதவீதம் எதிலிருந்து கூடியது? முந்தைய ஆண்டில் கட்டட வேலைக்காக மூன்று மாதம் மூடியிருந்தார்களா? அப்படியென்றால் எதுவும் செய்யாமலே எண்ணிக்கை கூடியிருக்கும்.

படி 3: நடுவில் விட்டுப்போன வாக்கியத்தை எழுதுங்கள்

இந்தப் படியில் நேரத்தைத் தாராளமாகச் செலவழியுங்கள். மற்ற படிகளை அவசரமாக முடித்தாலும் பரவாயில்லை.

பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958-ல் வாதத்தின் உடற்கூறைப் பிரித்துக் காட்டினார். முடிவு ஒரு பக்கம், தரவு ஒரு பக்கம், இரண்டையும் கட்டும் விதி நடுவில். அந்த விதியைத்தான் நாம் சாதாரணமாகச் சொல்வதே இல்லை, சொல்லத் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம். "மேகம் கறுத்துவிட்டது, குடை எடுத்துக்கொள்" என்பதில் கறுத்த மேகம் மழை தரும் என்ற விதி பேசப்படாமலே இருக்கிறது, அதில் தப்பில்லை. சொல்லாமல் விட்ட எல்லாமே ஓட்டை என்று ஆரம்பித்தால் யாரோடும் பேச முடியாது. விட்டுப்போன வாக்கியத்தை வெளியே எடுத்துப் படித்தால் ஒப்புக்கொள்வோமா மாட்டோமா என்பதுதான் கேள்வி.

அதை வெளியே எடுக்க இரண்டு வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி, முடிவில் புதிதாக நுழைந்த சொல்லைத் தேடுவது. சான்றில் இல்லாத ஒரு கருத்து முடிவில் இருந்தால், நடுவில் யாரோ ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். "இரவல்" எங்கே "வாசிப்பு" ஆனது? "இரவல் போகும் நூல்கள் கூடினால் வாசிப்பும் கூடியிருக்கிறது" என்ற வாக்கியம் நடுவில் இருக்கிறது. வெளியே வைத்துப் பாருங்கள். எடுத்துப்போன புத்தகத்தை எல்லோரும் படிக்கிறார்களா? ஏற்கெனவே படிப்பவர்களே கூடுதலாக எடுத்துப் போனார்களா, புதிதாக யாராவது படிக்கத் தொடங்கினார்களா? முன்பு விலைக்கு வாங்கிப் படித்தவர் இப்போது இரவல் வாங்கினால், எண்ணிக்கை ஏறும், வாசிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதேபோல் "மத்திய நூலகம்" எங்கே "எல்லாக் கிளைகள்" ஆனது? "வந்தவர்கள்" எங்கே "நகர மக்கள்" ஆனார்கள்?

இரண்டாவது வழி, மறுத்துப் பார்ப்பது. ஒரு அனுமானம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டால், அதன் எதிர்மறையை எழுதி வாதத்தின் பக்கத்தில் வையுங்கள். வாதம் சரிந்தால் அது வாதம் நம்பியிருக்கும் அனுமானம். சரியாமல் நின்றால் நீங்கள் வேண்டாத இடத்தில் குத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

செய்து பார்க்கலாம். "இரவல் கூடியதற்கு நேர நீட்டிப்பைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை." மறுப்பு: வேறு பெரிய காரணம் இருந்தது, அதே ஆண்டில் பக்கத்தில் ஒரு கல்லூரி திறந்தார்கள். வாதம் சரிகிறது. ஆக, இது தேவையான அனுமானம். இப்போது இன்னொன்று: "எல்லா வாசகர்களுக்கும் மாலை நேரமே பிடிக்கும்." மறுப்பு: சிலருக்குக் காலைதான் பிடிக்கும். வாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் பேர் மாலையில் வந்தாலே போதும். இந்த இரண்டாவது வகையைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் நிறைய. வாதம் சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணித்துவிட்டு அதைத் தோற்கடிப்பதில் என்ன இருக்கிறது?

பயங்கரமான விளைவு கொண்ட ஒரு விட்டுப்போன வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். 1999-ல் இங்கிலாந்தில் ஒரு தாயின் மீது கொலை வழக்கு. அவருடைய இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். அவர்களுடையதைப் போல வசதியுள்ள, புகைபிடிக்காத ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-ல் 1, ஆகவே இரண்டும் அப்படி இறக்கும் வாய்ப்பு 7.3 கோடியில் 1 என்று ஒரு மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கினால் அந்த எண் வரும், கணக்கில் பிழையில்லை. ஆனால் பெருக்கலாம் என்பதற்குப் பின்னால் "ஒரு மரணத்துக்கும் மற்றொன்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை" என்ற வாக்கியம் ஒளிந்திருக்கிறது. ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே மரபணு வழி. எப்படித் தொடர்பில்லாமல் இருக்கும்? பிரிட்டனின் அரச புள்ளியியல் சங்கம் 2001-ல் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தது. அதில் இன்னொரு தாவலும் உண்டு. நிரபராதியின் வீட்டில் இது நடப்பது அரிது என்பதும், நடந்துவிட்ட வீட்டில் இருப்பவர் நிரபராதியாக இருப்பது அரிது என்பதும் வெவ்வேறு. ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக மிக அரிதுதான், அந்த இரண்டு அரிதுகளையும் அல்லவா ஒப்பிட வேண்டும்? அந்தத் தாய்க்கு விதித்த தண்டனை 2003-ல் ரத்தானது, வெளியிடாமல் வைத்திருந்த மருத்துவச் சான்று அதற்கு முக்கியக் காரணம்.

படி 4: வேறு காரணங்களை அடுக்குங்கள், பிறகு ஒவ்வொன்றாகக் கழியுங்கள்

"இது நடந்தது, பிறகு அது நடந்தது, ஆகவே இதனால் அது" என்ற வடிவம்தான் அதிகம் வரும். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதற்கு "தொடர்பு இருந்தால் காரணம் என்று அர்த்தமில்லை" என்று ஒரு வரியை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். காரணமாக இருக்கவும் கூடுமே. அதைவிட, வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

திசை தலைகீழாக இருக்கலாம்: கூட்டம் ஏற்கெனவே கூடிக்கொண்டிருந்ததால்தான் நேரத்தை நீட்டித்தார்களோ? மூன்றாவது ஒன்று இரண்டையும் இயக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சை இதயத்தைக் காக்கும் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் அதை எடுத்துக்கொண்டவர்கள் ஏற்கெனவே வசதியும் உடல்நல அக்கறையும் உள்ளவர்கள். சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்துச் செய்த பெரிய அமெரிக்கச் சோதனையில் ஒரு கூட்டு ஹார்மோன் பிரிவை 2002-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள், ஏனென்றால் அபாயம் நன்மையை மிஞ்சியிருந்தது, இதய நோய் குறையவும் இல்லை. அப்புறம், மோசமான ஒரு காலத்துக்குப் பிறகு எதைச் செய்தாலும் நிலைமை தேறும் என்பது. விற்பனை அடிமட்டத்துக்குப் போன மாதத்தில் ஆலோசகரை அழைத்தால், அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அடுத்த மாதம் கொஞ்சம் ஏற வாய்ப்புண்டு.

கழிப்பதை எப்படிச் செய்வது என்பதற்கு வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1840-களில் செய்தது பாடம். இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்த முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலில் தாய்மார் கொத்துக் கொத்தாக இறந்தார்கள், மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவில் மிகக் குறைவு. நெரிசல் காரணமா? இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம், கழித்தார். கெட்ட காற்றா? ஒரே வளாகம், ஒரே காற்று. படுக்கும் நிலையா? மாற்றிப் பார்த்தார், பலனில்லை. மரணப் படுக்கையில் உள்ளவரைப் பார்க்க மணியோசையோடு பாதிரியார் வார்டு வழியாக நடப்பதால் வரும் பயமா? மணியை நிறுத்தி வழியையும் மாற்றச் சொன்னார், மரணங்கள் குறையவில்லை. 1847-ல் அவருடைய சக மருத்துவர் ஒருவர் பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறி, அதே அறிகுறிகளோடு இறந்தார். முதல் பிரிவு மருத்துவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார், மரணங்கள் இரண்டாம் பிரிவின் அளவுக்கு இறங்கின.

ஒவ்வொரு காரணத்துக்கும் "இது உண்மையென்றால் வேறு ஏதாவது தெரிய வேண்டுமே, தெரிகிறதா?" என்று கேட்டிருக்கிறார், கவனியுங்கள். நூலகத்துக்கும் அதையே கேட்போம். நேர நீட்டிப்புதான் காரணமென்றால் உயர்வு அந்த இரண்டு மணி நேரத்தில் தெரிய வேண்டும். இரவல் பதிவேட்டில் நேரம் இருக்கும். முன்பு 50,000, இப்போது 60,000 என்று வைத்துக்கொள்வோம். கூடிய 10,000-க்கு ஒப்பாக மாலைப் பதிவுகள் வெறும் 3,000 என்றால், மீதி 7,000 பழைய நேரத்திலேயே ஏறியிருக்கிறது; அதற்கு நீட்டிப்பு எப்படிக் காரணமாகும்? அந்த 3,000-லும் முன்பு மதியம் வந்துகொண்டிருந்தவர்கள் மாலைக்கு மாறியது எவ்வளவு? மறுபக்கம், மாலையிலேயே 10,000 பதிவாகி, மற்ற நேரம் குறையாமலும் இருந்தால் வாதம் சட்டென்று பலம் பெறுகிறது. ஒரே ஒரு பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும் விஷயம் இது.

படி 5: காட்டாமல் விட்டதைக் கேளுங்கள்

சான்றாக வந்ததை ஆராய்வது எளிது, வராததை ஆராய்வதுதான் கஷ்டம். இரண்டாம் உலகப் போரில் திரும்பி வந்த போர் விமானங்களில் எங்கெங்கே குண்டுத் துளைகள் என்று பார்த்து அங்கெல்லாம் கவசம் போடலாம் என்று நினைக்கத் தோன்றும். புள்ளியியலாளர் ஏபிரகாம் வால்டின் ஆய்வு வேறு பக்கம் பார்த்தது: கணக்கில் இருப்பவை திரும்பி வந்த விமானங்கள் மட்டுமே, துளை குறைவாகத் தெரியும் இடங்களில் அடிபட்டவை திரும்பவே இல்லை.

அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடத்தின் கதை இன்னும் கசப்பானது. 1986 ஜனவரி 28 காலை ஏவுவதற்கு முந்தின இரவு, ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் கெடுமா என்று பொறியாளர்கள் விவாதித்தார்கள். சேதம் ஏற்பட்ட பயணங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை, குளிரிலும் சேதம், வெப்பத்திலும் சேதம். சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது: 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் 3-ல் மட்டும் சேதம், 65-க்குக் கீழே இருந்த 4 பயணங்களிலும் சேதம். அன்று காலை வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இருந்தது. விண்ணோடம் ஏவிய சற்று நேரத்தில் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள்.

இதற்கு ஒரு நான்கு கட்டம் போட்டுக்கொள்ளலாம். செய்தது-நடந்தது, செய்தது-நடக்கவில்லை, செய்யாதது-நடந்தது, செய்யாதது-நடக்கவில்லை. வெற்றிக் கதைகள் எல்லாம் முதல் கட்டத்தை மட்டும் நிரப்பி நம்மிடம் தருகின்றன. நேரத்தை நீட்டிக்காத கிளைகளில் சென்ற ஆண்டு இரவல் எவ்வளவு கூடியது? அங்கேயும் 20 சதவீதம் என்றால் கதை முடிந்தது.

படி 6: தப்பான வாதத்துக்குச் சரியான முடிவும் இருக்கலாம்

ஓட்டையைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் முடிவே பொய் என்று அறிவிக்கிற இடத்தில்தான் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். ஓட்டை தெரிந்தால் "இந்தச் சான்றால் இந்த முடிவு நிற்கவில்லை" என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல உங்களிடமும் சான்று கிடையாது.

1854-ல் லண்டனில் பிராட் தெருப் பகுதியில் காலரா. மருத்துவர் ஜான் ஸ்னோ சொல்லி, செப்டம்பர் 8-ஆம் தேதி அங்கிருந்த அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் அடங்கியது, ஆகவே காலரா தண்ணீரால் பரவுகிறது என்று நிரூபணமானது. பாடப்புத்தகக் கதை இப்படித்தான் போகும். இதை நாம் பார்த்த படிகளில் போட்டுப் பாருங்கள். கைப்பிடியைக் கழற்றும் முன்பே இறப்புகள் பெருமளவு குறைந்திருந்தன, அந்தப் பகுதி மக்களில் பெரும்பாலோர் ஊரை விட்டு ஓடியிருந்தார்கள். நோய் தானாக அடங்கிக்கொண்டிருந்திருக்கலாம் என்பதை ஸ்னோவே ஒப்புக்கொண்டார். வாதம் ஓட்டை. முடிவோ சரி.

ஸ்னோ நம்பியிருந்தது வேறு சான்றை. பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பினார்கள், அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி இறந்தார், அந்தப் பம்பின் தண்ணீர் பிடித்துப்போய்த் தினமும் வரவழைத்துக் குடித்தவர். அப்போது பலர் நம்பியது போலக் கெட்ட காற்றுதான் காரணமென்றால் இவர்கள் கதை இரண்டும் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். அதற்கும் மேல், அதே ஆண்டில் அவர் இன்னொரு கணக்கு எடுத்தார். தெற்கு லண்டனில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் கொடுத்தன. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் சாக்கடை கலந்த தேம்ஸ் பகுதியிலிருந்து எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-லேயே ஆற்றின் மேற்பகுதிக்கு மாறியிருந்தது. ஒரே காற்று, ஏழை பணக்காரர் கலந்த ஒரே தெரு, தண்ணீர் மட்டும் வேறு. 10,000 வீடுகளுக்கு இறப்பு முதல் கம்பெனியில் 315, இரண்டாவதில் 37.

வாதத்தைப் பழுது பார்ப்பது என்றால் இதுதான். எந்த வேறு காரணம் உறுத்துகிறதோ அது இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் ஒப்பீட்டைத் தேடுவது. நூலகத்தில் இதற்கு வழி இருக்கிறது: கிட்டத்தட்ட ஒரே மாதிரியான நான்கு கிளைகளை எடுத்து, சீட்டுக் குலுக்கி இரண்டில் மட்டும் ஆறு மாதம் நேரத்தை நீட்டிப்பது. செலவும் குறைவு.

படி 7: எழுதும்போது

கண்டுபிடித்த எல்லா ஓட்டைகளையும் கொட்டாதீர்கள். பத்துக் குறைகளை ஆளுக்கொரு வரியாக அடுக்குவதைவிட மூன்றை எடுத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் சொல்லலாம்: அனுமானம் என்ன, அது ஏன் பொய்யாக இருக்கக்கூடும், எந்தத் தகவல் கிடைத்தால் எந்தப் பக்கம் சாயும். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பிழைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பெயர் வைத்ததும் யோசிப்பது நின்றுவிடுகிறது, எதிரில் இருப்பவருக்குக் கோபமும் வருகிறது. எந்த மூன்று என்று தேர்வதற்கு ஓர் அளவுகோல் போதும்: எதைச் சரிசெய்தாலும் இது ஒன்று பொய்யானால் வாதம் விழுமா? விழும் என்றால் அது முதலில்.

"இந்த ஆய்வு சிறியது", "மேலும் தகவல் தேவை" போன்ற வரிகளையும் தவிர்க்கலாம், எந்த வாதத்தின் மீதும் ஒட்டக்கூடிய வரி எந்த வாதத்தையும் தொடாது. என்ன தகவல், யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். நூலக வாதத்துக்கு நான் எழுதுவதென்றால் ஒரு பத்தி இப்படி இருக்கும்:

"இரவல் 20 சதவீதம் கூடியதற்கு நேர நீட்டிப்பே காரணம் என்று பரிந்துரை அனுமானித்துக்கொள்கிறது. நீட்டிக்காத கிளைகளிலும் அதே உயர்வு இருந்தாலோ, உயர்வு பழைய நேரத்திலேயே பதிவாகியிருந்தாலோ இந்த முடிவு நிற்காது. மத்திய நூலகத்தின் மணிவாரி இரவல் பதிவும் மற்றக் கிளைகளின் சென்ற ஆண்டுக் கணக்கும் கிடைத்தால் இது தெரிந்துவிடும். உயர்வு மாலை நேரத்தில் மட்டும், மத்திய நூலகத்தில் மட்டும் தெரிந்தால் பரிந்துரையின் முதல் பாதியை ஏற்கலாம். அப்போதும், மத்திய நூலகத்துக்கு வருகிறவர்களைப் போன்றவர்கள்தான் கிளைகளுக்கும் வருகிறார்களா என்ற கேள்வி மீதி இருக்கும். கருத்துக்கணிப்பை இதற்குப் பயன்படுத்த முடியாது, ஏனென்றால் மாலையில் வராதவர்கள் அதில் இல்லை."

குரல் எங்கேயும் உயரவில்லை, முடிவு பொய் என்றும் எங்கேயும் சொல்லவில்லை. பரிந்துரையை எழுதியவர் இதைப் படித்தால் அடுத்து எந்தப் பதிவேட்டை எடுத்து வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.